மலையடியில் 31 நிமிடம்

மேடைப் பொறுப்பாளர் கையில் இருந்த தாளின்படி எங்கள் பாட்டுக் குழுவில் மூன்று பேர். அவர் எதிரே நின்றது நான்கு பேர். பாட்டு தொடங்க 18 நிமிடம்தான் இருந்தது. அந்தத் தாளை அனுப்பியவள் நான். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு வாகன உதிரிபாகக் கடையில் 16 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சரக்கில் ஒரு போல்ட் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று கடையில் பெயர். இங்கே ஒரு முழுப் பெண்ணையே விட்டிருக்கிறேன்.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குத் திருநெல்வேலி. கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் வீட்டார் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழி. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் ஏதோ ஒன்றில் வந்தவர் இவர்களுடைய முப்பாட்டனார். இப்போது வீட்டில் இளையவர்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். உறவுமுறை மட்டும் தமிழாகவே நிற்கிறது. என் மாமியார் பிள்ளைகளுக்கு ஆயா, நான் சின்னம்மா.

கணவரின் அண்ணனுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவாள். இளையவள் கிட்டார். இளையவளின் பள்ளித் தோழி, ஜூலு பெண், பாஸ் கிட்டார் வாசிக்கிறாள். முதல் வருடம் என்னை ஆன்ட்டி என்றாள், இப்போது அவளுக்கும் நான் சின்னம்மாதான். மூன்று பேராக இருந்தவரை தாளத்தை லேப்டாப் பார்த்துக்கொண்டது. பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து டிரம்ஸ் வாசிக்கும் ஒருத்தி வந்து சேர்ந்தாள். தாளில் நான் விட்டது அவளைத்தான்.

‘இண்டி பாப்’ என்று பிள்ளைகள் சொன்னதும் என் மாமியார், “ஏன் ஹிந்திப் பாட்டு? தமிழில் பாட்டே இல்லையா?” என்று கேட்டார். அது வேறு இது வேறு என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது. எந்தக் கம்பெனியிலும் சேராமல், தாங்களே பாட்டு எழுதி, சொந்தக் காசில் ஒலிப்பதிவு செய்து, தாங்களே வெளியிடுவது, அவ்வளவுதான். பெண்கள் மட்டும் சேர்ந்து ஒரு குழுவா என்று கேட்பவர்களும் உண்டு. இந்த நாட்டில் அது ஒன்றும் புதிதில்லை. மிரியம் மக்கேபா உலகப் புகழ் பெறுவதற்கு முன் 1950களில் ஸ்கைலார்க்ஸ் என்ற பெண்கள் குழுவில் பாடியவர். மகோட்டெல்லா குவீன்ஸ் குழு 1964-இல் தொடங்கியது. அப்போது என் மாமியாரே சின்னப் பெண்.

பிள்ளைகளின் கனவு ஸ்ப்ளாஷி ஃபென். 1990 முதல் ஈஸ்டர் சமயத்தில் அண்டர்பெர்க் பக்கம் நடக்கும் பெரிய விழா அது. எங்களுக்குக் கிடைத்தது அது அல்ல. அதே டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில், ஒரு பண்ணையில், செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தை ஒட்டிய வாரக் கடைசியில் நடக்கும் ஒரு சின்ன விழா. இரண்டாவது மேடை, சனிக்கிழமை பிற்பகல் 2:40, 40 நிமிடம், 8,000 ரேண்ட். பாதி முன்பணம், மீதி விழா முடிந்த பின். கணக்குத் தெரிந்தவள் என்பதால் கடிதப் போக்குவரத்து என் தலையில் விழுந்தது.

தேதியைக் கேட்டதும் வீட்டில் பிரச்சினை. புரட்டாசிச் சனி! டர்பன் தமிழர்கள் புரட்டாசியை எவ்வளவு கறாராகப் பிடிப்பார்கள் என்று வந்து பார்த்தால்தான் தெரியும். தமிழ் பேச வராத பையன்கள்கூட மாதம் முழுக்க மீன், கறி தொட மாட்டார்கள். அந்த மாதத்தில், ஊரே இறைச்சி சுட்டுத் தின்னும் ஒரு நாளை ஒட்டி, புகைக்கு நடுவே போய் நிற்பதா என்று மாமியார் கேட்டார். கேள்வி நியாயம்தான். அங்கே பாஸ் வாசிப்பவளின் பாட்டியும் முகம் சுளித்தாராம். செப்டம்பர் 24 அவர்களுக்கு ஜூலு மன்னர் ஷாகாவின் நினைவு நாள். அந்த வாரம் க்வாடுகுசாவில் மன்னர் சமாதிக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். இரண்டு பாட்டிகளையும் சமாதானப்படுத்தியது தனிக் கதை. என் மாமியாரின் நிபந்தனை ஒன்றுதான்: அதிகாலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், சாப்பாடு வீட்டிலிருந்து போக வேண்டும். அதனால் உருளைக்கிழங்குக் கறி சுருட்டிய ரொட்டி, புளிச்சோறு, ஒரு பெரிய பாட்டில் ஊறுகாய். வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை இங்கே பாட்கோஸ் என்பார்கள். நம்ம ஊர் கட்டுச்சோறுதான்.

இப்போது அந்தத் தாள். விழாவில் வாசிக்கக் கூப்பிட்டால் இரண்டு காகிதம் கேட்பார்கள். ஒன்று ஸ்டேஜ் பிளாட்: மேடையை மேலிருந்து பார்ப்பது போல ஒரு படம், யார் எங்கே நிற்பார்கள், யாருக்கு எங்கே கரன்ட் வேண்டும், யார் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் (தன் சத்தம் தனக்கே கேட்பதற்கு) வேண்டும் என்று. இன்னொன்று இன்புட் லிஸ்ட்: மேடையிலிருந்து ஒலி மேசைக்குப் போக வேண்டிய ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரிசை எண். ஒன்று பாஸ், இரண்டு கிட்டார், மூன்றும் நான்கும் கீபோர்டு, இப்படி. கீபோர்டுக்கு ஏன் இரண்டு? அதன் ஒலி இடம், வலம் என்று இரண்டு கம்பியில் வருகிறது. அதை நேராக நீளமான கேபிளில் விட்டால் இரைச்சல் சேரும் என்பதால் டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வழியாக அனுப்புவார்கள். கீபோர்டு என்று ஒரே ஒரு வரி எழுதினால் ஒரே ஒரு பெட்டிதான் வரும். அவர்கள் மேல் தப்பில்லை. மேடைக்கு நம் பாட்டும் தெரியாது, முகமும் தெரியாது. நாம் அனுப்பிய தாள் மட்டும்தான் தெரியும்.

நான் அனுப்பியது மூன்று பேர் காலத்துத் தாள். பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து, தேதி பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். அதில் டிரம்ஸ் என்ற இடத்தில் ‘லேப்டாப்’ என்று இருந்தது. இன்று எந்தத் தாளானாலும் தலையில் தேதியும், எத்தனை பேர் என்ற எண்ணும் பெரிதாக இருக்கும். கடையில் ஒவ்வொரு பில்லிலும் அதைத்தான் செய்கிறேன். இங்கே ஏன் தோன்றவில்லை என்று இன்னும் புரியவில்லை.

சனிக்கிழமை அதிகாலை கிளம்பினோம். கொழுந்தனாரின் பக்கியில் வாத்தியங்கள், பின்னால் என் காரில் நாங்கள். பக்கி என்றால் இங்கே திறந்த முதுகு வைத்த சின்ன லாரி. திருநெல்வேலியில் அது திட்டு. வந்த புதிதில், “பக்கியைக் கூப்பிடு” என்று மாமனார் சொன்னபோது யாரை இவ்வளவு கோபமாகச் சொல்கிறார் என்று பயந்திருக்கிறேன். என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம். லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற, மூடுபனி வேறு. அதற்குப் பிறகு ஆர்617-இல் திரும்பி புல்வர் வழியாக மலையைப் பார்த்துப் போக வேண்டும். இரண்டரை மணி நேரப் பயணம் எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி என்3 அடைபட்டதை நினைத்து ஆளுக்கொரு கம்பளி எடுத்துப் போயிருந்தோம். நல்லவேளை. செப்டம்பர் என்றால் டர்பனில் வேர்க்கும். மலையடியில் வெயில் போனதும் பல் கிட்டும்.

அப்புறம் அந்த 18 நிமிடம். விழாக்களில் ஒலிச் சரிபார்ப்புக்கு நேரம் கிடைக்காது. முந்தைய குழு இறங்கியதும் நம் பொருள்களை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி வருகிறதா என்று மட்டும் தட்டிப் பார்ப்பார்கள். எங்கள் தாளில் டிரம்ஸ் இல்லாததால் டிரம்ஸ் வைத்திருந்த சக்கர மேடையை ஓரமாகத் தள்ளிப் போர்த்தி வைத்துவிட்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவள் தன் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மும் சிம்பல் தட்டுகளும் கால் பெடலும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் சேர்க்க மறுத்த பிள்ளை மாதிரி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். (விழாவில் பொது டிரம்ஸ் இருக்கும்; எளிதில் உடையும் இந்த மூன்றையும் வாசிப்பவர்தான் கொண்டுபோக வேண்டும். அதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.)

அதைவிட எரிச்சல் என்னவென்றால், மேடையில் இருந்த பையன்கள் கேள்வி எல்லாவற்றையும் கொழுந்தனாரிடம் கேட்டார்கள். “பாஸுக்கு ஆம்ப் வேண்டுமா, நேராகவா?” (ஆம்ப் என்றால் ஒலிபெருக்கிப் பெட்டி.) “இவங்களுக்கு மானிட்டரில் என்ன வேண்டும்?” அவர் ஃபிரிட்ஜ் விற்பவர். பாஸுக்கும் கிட்டாருக்கும் வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் ஆண், நடு வயது, கையில் கேபிள் வேறு. போதாதா? அவரும் பாவம், தலையாட்டித் தலையாட்டி இரண்டு இணைப்பைத் தப்பாகப் போடவைத்தார். மூத்தவள்தான் கடைசியில் நடுவே வந்து நின்று, “என்னைக் கேளுங்க” என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். இப்போது தாளின் மேலேயே ‘மேடையில் பேச வேண்டியவர்’ என்று அவள் பெயரும், என்ன உடை போட்டிருப்பாள் என்பதும் எழுதுகிறோம். சிவப்புச் சட்டை என்று எழுதினால் தேடிக்கொண்டு அவளிடமே வருகிறார்கள். அதை எழுத வேண்டியிருப்பதே அசிங்கம்தான். ஆனால் வேலை நடக்கிறது.

மேடைப் பொறுப்பாளர் நல்ல பெண்மணி. கத்தவில்லை. டிரம்ஸைத் திரும்ப உருட்டி வரச் சொன்னார். எட்டு மைக் வைக்கிற இடத்தில் மூன்று வைத்தார்: கிக் என்ற பெரிய டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. திறந்தவெளிச் சின்ன மேடைக்கு அது போதும் என்றார். போதுமாகத்தான் இருந்தது. டிரம்ஸ் வாசிப்பவள் பாடுவதற்கு மட்டும் மைக் இல்லை. மூன்றாவது குரல் அவளுடையது. அந்த வரிகளைப் பாஸ் வாசிப்பவள் எடுத்துக்கொண்டாள். சைகையிலேயே பேசி முடித்தார்கள்.

இத்தனையும் முடிந்து தொடங்கும்போது 9 நிமிடம் தாமதம். முடிக்க வேண்டிய நேரம் மாறவில்லை. அடுத்த குழு காத்திருக்கிறதே. 31 நிமிடத்தில் ஒன்பது பாட்டு எப்படி? எதை விடுவது என்று மேடையிலேயே அக்காவும் தங்கையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டத்துக்கு அது தெரிந்தது. நேரம் குறைந்தால் எந்தப் பாட்டு முதலில் போகும், எது இரண்டாவதாகப் போகும் என்று இப்போது வீட்டிலேயே முடிவு செய்து, பாட்டு வரிசைத் தாளில் நட்சத்திரம் போட்டு வைக்கிறார்கள். அந்தச் சண்டை வீட்டுச் சமையலறையில் நடக்கட்டும், எனக்குப் பழக்கம்தான்.

முதல் பாட்டில் கிட்டார் சுருதி ஏறியிருந்தது. காலையில் வெயிலில் பக்கியில் கிடந்தது, மதியம் மேகம் வந்து குளிர்காற்று அடித்தது. சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், குளிரில் இறுகி ஏறும். வெயிலில் இருக்கும்போதே சுருதி சேர்த்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து குளிரில் வாசித்தால் இதுதான். வாத்தியத்தை மேடைப் பக்கத்து நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேர்க்க வேண்டும் என்று பக்கத்துக் குழுவில் ஒரு பெரியவர் சொன்னார்.

மூன்றாவது பாட்டில் மூத்தவளின் மானிட்டர் செத்தது. தன் குரல் தனக்கே கேட்காது. பெரும்பாலானவர்கள் அப்போது கத்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். இவள் அசையவில்லை. காரணம் வேடிக்கையானது. 2023-இல் இங்கே மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. லோட் ஷெடிங் என்று அட்டவணை போட்டு நிறுத்துவார்கள். ஒரு நாளில் மூன்று தடவைகூடப் போகும். இவர்களின் ஒத்திகை நேரம் பல நாள் இருட்டில் போனது. ஆம்ப் இல்லை, மைக் இல்லை. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு வெறும் குரலில் பாடிப் பாடி, ஒருத்தியின் மூச்சைக் கேட்டு இன்னொருத்தி எடுக்கப் பழகிவிட்டார்கள். அன்று மேடையிலும் திரும்பி நின்று தங்கையின் வாயைப் பார்த்துக்கொண்டே பாடி முடித்தாள். நான் மின்வாரியத்தை வாழ்த்தியது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

பாட்டு முடிந்ததும் மைக்கில், “என் சத்தத்தைக் கூட்டுங்க” என்று கேட்க வாயெடுத்தாள், பிறகு மாற்றி, “என் மானிட்டரில் சத்தமே இல்லை” என்றாள். கேபிள் கழன்றிருந்தது, மாட்டினார்கள். இது முக்கியம். ‘கூட்டுங்க’ என்றால் அவர்கள் மேசையில் கூட்டிக்கொண்டே போவார்கள், இணைப்பு திடீரென்று வந்ததும் ‘கீ’ என்று காது கிழியும். என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். சரி செய்வது அவர்கள் தொழில். சத்தம் பற்றாவிட்டாலும் முதலில் மற்றதைக் குறைக்கச் சொல்வது நல்லது. “என் மானிட்டரில் கிட்டாரைக் குறைங்க” என்றால் குரல் தானாக மேலே வரும்.

கடைசிக்கு முந்தைய பாட்டில் மட்டும் தமிழ் உண்டு. பல்லவியில் மழையைப் பற்றி ஒரு வரி, நான் எழுதிக் கொடுத்தது. பிள்ளைகளுக்கு ‘ழ’ வராது. ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தும் ‘மழையே வா’ என்பது ‘மலையே வா’ என்றுதான் வரும். நாக்கை மடி என்றால் சிரிப்பார்கள். அன்று அந்த வரியைப் பாடும்போது எதிரே முழு டிராகன்ஸ்பெர்க் நின்றது. ஜூலுவில் அதற்கு உகாஷ்லம்பா என்று பெயர், ஈட்டிகளால் ஆன அரண் என்று பொருள். அண்டர்பெர்க் என்ற பேருக்கே மலையடி என்றுதான் அர்த்தம். மலையைப் பார்த்து ‘மலையே வா’ என்று நான்கு பெண்கள் கூப்பிட, வந்தது மழை.

சும்மா தூறல்தான் முதலில். கூட்டம் கலையவில்லை, முன்னால் வந்தது, கூரை அங்கேதான் கொஞ்சம் நீட்டியிருந்தது. நான் மேடை ஓரத்திலிருந்து கீபோர்டின் மேல் என் பழைய நைலக்ஸ் புடவையைப் போட்டேன். பெண்களுக்கு உடை மாற்றத் தனி இடம் இல்லை என்று தெரிந்து காலையில் திரையாகக் கட்டிய புடவை அது. இப்போது எந்த விழாவுக்கும் இரண்டு எடுத்துப் போகிறேன். பட்டும் வேண்டாம், பருத்தியும் வேண்டாம், நைலக்ஸ்தான் சீக்கிரம் காயும். ஒரு பாட்டு பாக்கி இருக்கும்போது தூரத்தில் மின்னியது. மேடைப் பொறுப்பாளர் கையைக் குறுக்கே வீசினார். இரும்புக் கூடாரத்தில் மின்னலோடு விளையாட்டில்லை. யாரும் வாதாடவில்லை. ஆக ஆறு பாட்டுதான் பாடினார்கள்.

குழுவின் சட்டைகளை அங்கே விற்றதில் ஒரு பாடம். கார்டு மெஷினுக்கு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை, சில்லறை கொண்டுபோகவில்லை. பெரிய அளவுகள் முதல் அரை மணியில் தீர்ந்தன, சின்ன அளவுகளைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

பணம். முன்பணம் ஒழுங்காக வந்தது. மீதி 4,000 ரேண்ட் வர 11 வாரம் ஆனது. ஒப்பந்தத்தில் ‘விழா முடிந்த பின்’ என்று மட்டும் இருந்தது. எத்தனை நாளுக்குள் என்று இல்லை. விழா முடிந்த பின் என்றால் அடுத்த தீபாவளியும் விழா முடிந்த பின்தான். ஒவ்வொரு திங்களும் பில்லை மறுபடி அனுப்பினேன். வாசகத்தில் ஒரு வார்த்தை மாற்றவில்லை, தேதி மட்டும் மாற்றினேன். அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இரண்டு வண்டி பெட்ரோல், ஒத்திகைக் கூடம், வாடகை ஆம்ப் எல்லாம் போக 2,300 ரேண்ட் மிஞ்சியது. நால்வருக்கும் 575.

இன்னொரு வருமானத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேடையில் பாட்டு வாசிக்கப்பட்டால் அதை எழுதியவருக்கு உரிமைத் தொகை உண்டு. இங்கே அதை வசூலித்துக் கொடுப்பது சாம்ரோ என்ற அமைப்பு. பாட்டை முன்கூட்டிப் பதிந்து, யார் எவ்வளவு பங்கு என்று எழுதி, நிகழ்ச்சியில் என்னென்ன வாசித்தோம் என்ற பட்டியலைக் கொடுக்க வேண்டும். பங்கு எழுதும்போதுதான் உண்மையான சண்டை வந்தது. பழைய பாட்டுகளில் டிரம்ஸ் வாசிப்பவளுக்குப் பங்கு உண்டா? அவள் வருவதற்கு முன்பே எழுதியவை. ஆனால் இரண்டு பாட்டின் நடையையே அவள் மாற்றியிருக்கிறாள். மூன்று நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. கடைசியில் அந்த இரண்டில் மட்டும் பங்கு என்று முடிந்தது. மழைப் பாட்டில் எனக்கும் கொஞ்சம் எழுதினார்கள். நான் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன், இரண்டாம் முறை சொல்லவில்லை.

போன மாதம் இன்னொரு விழாவிலிருந்து தாள் கேட்டார்கள். இம்முறை நான் தொடவில்லை. டிரம்ஸ் வாசிப்பவளே உட்கார்ந்து எழுதினாள். தலையில் தேதி, அதற்குக் கீழே ‘நான்கு பேர்’ என்று அடிக்கோடு போட்டு, வரிசை எண் ஒன்று முதல் எட்டு வரை டிரம்ஸ், ஒன்பதாவது அவள் பாட மைக். மற்ற மூவரும் அதற்குப் பிறகுதான். என் பெயரும் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், ‘சாப்பாடு’ என்ற தலைப்பின் கீழே.